கை பருத்த காரணம்

அந்தக் காலத்தில் நான் யாரையும் சுலபமாக நம்புவதில்லை. பால்காரன் முதல் தபால்காரன் வரை எல்லார் மேலும் ஒரு கண் இருக்கும். என் சந்தேகத்துக்குத் தப்பியவன் ஒரே ஒருவன்தான். என்னோடு பள்ளியில் படித்து, பின்னர் கல்லடியில் வாத்தியாரான என் கூட்டாளி. அவனையும் கடைசியில் விட்டுவைக்கவில்லை.

இருவருக்கும் தேகப்பயிற்சிப் பைத்தியம். பிஸ்கட் தகரத்தில் சீமெந்தை வார்த்து, நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி, ஆளுக்கொரு பாரம் செய்து வைத்திருந்தோம். தசை எப்படி வளர்கிறது என்பதில்தான் தகராறு. தினமும் கை நடுங்கும் வரை தூக்க வேண்டும் என்பது என் கட்சி. நாள்தோறும் வாவியில் கம்பு ஊன்றித் தோணி தாங்குகிற மீனவர்களின் தோளைப் பார் என்பேன். அவர்கள் நிலவு காலத்தில் வலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறார்களே, தோள் வளர்வது அப்போதுதான் என்பான் அவன். ஒருநாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு என்பது அவன் கட்சி.

பேசித் தீராததால் சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். ஒரே எடை, மூன்று மாதம், அவரவர் முறைப்படி. பட்டணத்தில் கடை வைத்திருந்த காத்தான்குடித் தையற்காரர் ஞாயிறுதோறும் எங்கள் மேற்கையை நாடாவால் அளந்து சொல்வார். அவன் அப்போதுதான் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி மனைவி வீட்டுக்குக் குடிபோயிருந்தான். நான் பட்டணத்தில் ஓர் அறையில் தங்கி, கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முதல் மாதத்திலேயே அவன் கை அரை அங்குலம் ஏறியது. என் கை அப்படியே கிடந்தது. பாதி நாள் சும்மா இருப்பவன் எப்படி வளர்வான்? முதலில் நாடாவைச் சந்தேகித்தேன். பிறகு தையற்காரரைச் சந்தேகித்தேன். கடைசியில், ஓய்வு நாளிலும் இவன் களவாகத் தூக்குகிறான் என்று முடிவுகட்டினேன்.

அவனுடைய ஓய்வு நாள் ஒன்றில், விடிந்ததும் சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து போய், அவன் மாமியார் வீட்டுத் தென்னோலைக் கிடுகு வேலி இடுக்கால் பார்த்தேன். விறாந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடியப்பம், முட்டைக் குழம்பு, வாவி நண்டு, அதற்குமேல் ஒரு சட்டி எருமைத் தயிர். போதும் என்று அவன் கையால் மறிக்க மறிக்க மாமியார் வைத்துக்கொண்டேயிருந்தார். ஒரு மணி நேரம் நின்றேன். தின்றதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. நான் வருவது தெரிந்து நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாம் மாதக் கடைசி அளவில் அவன் ஒன்றரை அங்குலம் கூடியிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையற்காரர் முன்னாலேயே, களவாகத் தூக்குகிறாய் என்றேன். இல்லை என்று சத்தியம் செய்தான். நான் சிரித்தேன்.

"நான் பொய் சொல்லுற ஆளெண்டா நினைக்கிறாய்?"

"ஓம்" என்றேன்.

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பிறகு சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்தான். பத்து வருஷச் சிநேகிதம் அந்த ஒரு சொல்லோடு போயிற்று. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நான் சொன்னதே சரி என்றுதான் இருந்தேன்.

அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம் முடிந்தது. பாரம் தூக்குவதை எப்போதோ விட்டிருந்தேன். மனைவி வீட்டுக்குப் போய் மூன்றாம் மாதம், சட்டைக் கை இறுக்குகிறது என்று தையற்காரரிடம் போனேன். அவர் அளந்துவிட்டுச் சிரித்தார்.

"புதுமாப்புளமாருக்கு நான் எப்பவும் தளத்தித்தான் வெட்டுற. மாமி ஊட்டுச் சோறு தையலப் பிரிச்சிரும்."

அன்றைக்கே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அளவத்தான் கேட்டீங்க. காரணம் கேக்கல்லயே."

புதுமாப்பிள்ளைக்கு ஊட்டுவது எங்கள் ஊரில் நாளாந்த நடப்பு. அதை ஒரு காரணமாக எண்ண எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சோதனையில் ஜெயித்தது அவன் கட்சியுமல்ல, என் கட்சியுமல்ல. அன்று மாலையே கல்லடிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, நீ பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரியும் என்றேன். அவன் என் கையைப் பார்த்தான்.

"உன்ட கை சொன்னதைத்தான் நீ நம்பியிருக்கிறாய். நான் சொன்னதை இல்ல" என்றான்.

பிறகு தேத்தண்ணி தந்தான். குடித்துவிட்டு வந்தேன். அவன் வேலிப் படலை வரை வரவில்லை.