பத்து வருஷம் என்று யார் சொன்னது

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பதை விளக்கி, போன ஐப்பசியில் இரண்டு நாள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியதைக் கிழித்து, மறுபடி எழுதி. உண்மையில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். முதன்முதலில் ரத்தம் பரிசோதித்த சீட்டு தேதியோடு என்னிடம் இருந்தது. எங்கள் தெருவுக்குப் புதைசாக்கடை வந்தது, பக்கத்து லாட்ஜ் மூன்றாவது மாடி எழுப்பியது என்று எதற்கும் தேதி போட்டு எழுதிவைக்கிற ஆள் நான். வீட்டு மனிதர்களின் உடம்பை மட்டும் விட்டுவிடுவேனா. ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பத்து வருடம் என்று இருந்தது.

சொன்னவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடுகிறான்.

அன்று பௌர்ணமி. நான் வேலூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்குள் விடமாட்டார்கள். வெளியே தற்காலிக நிறுத்தத்தில் இறக்கிவிட, அங்கிருந்து நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்களைப் பார்க்க வந்திருந்த மச்சான், அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் தன் வேனிலேயே ஏற்றி, கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே அவசரப் பிரிவு முழுக்கக் கிரிவலம் வந்தவர்கள். மயங்கி விழுந்தவர்கள், கால் கொப்புளித்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள். நர்ஸ் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"அந்த பெஞ்சில உக்காந்தா விடிஞ்சிடும் மாமா. அதான் கத்தினேன்" என்றான் என்னிடம் பிறகு. "பத்து வருஷமா சுகரு, பத்து வருஷமா சுகருன்னு. ஜாஸ்தியா சொன்னாத்தான் திரும்பிப் பாக்கறாங்க."

திரும்பிப் பார்த்தார்கள். உடனே இசிஜி எடுத்து, மாரடைப்பு என்று கண்டு, மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்து ஸ்டென்ட் வைத்தாக வேண்டும், இந்த வாரத்தைத் தாண்டக் கூடாது என்றார்.

மருத்துவக் காப்பீடு எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, சர்க்கரை வருவதற்கு முன்பே. கம்பெனி அனுமதித்தால்தான் சிகிச்சை. கைக்காசில் செய்துகொள்கிற நிலையில் நாங்கள் இல்லை. அன்று மதியமே பதில் வந்துவிட்டது. பத்து வருட நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள், அனுமதி இல்லை.

ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. "அன்னைக்கி சொன்னது தப்புன்னு ஒரு லெட்டர் குடுங்க சார். அந்த டெஸ்ட் சீட்டையும் வைங்க. டியூட்டி டாக்டர் சைன் வேணும். இங்கிலீஷு நல்லா ஃபார்மலா இருக்கட்டும்."

ஆங்கிலம் எனக்குப் பழக்கம். பழைய மாவட்ட கெசட்டியர்களையும் பயண நூல்களையும் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவன். ஆனால் சொன்னது தப்பு என்பதை எந்தச் சொல்லால் சொன்னாலும் அது யாரையாவது கையைப் பிடித்து இழுத்துவருகிறது என்பதை அந்த மதியம்தான் கவனித்தேன்.

முதலில் 'ராங்லி ஸ்டேட்டட்' என்று எழுதினேன். தவறாகச் சொல்லப்பட்டது. கவுன்டர் பெண் விரலை அந்த இடத்தில் வைத்தார். "யாரு ஸ்டேட் பண்ணா? கூட வந்த அட்டெண்டரா? அப்ப ஃபால்ஸ் ஸ்டேட்மென்ட்டுன்னு எடுத்துப்பாங்க சார்."

அடித்துவிட்டு, 'எர்ரோனியஸ்லி ரெக்கார்டட்' என்று மாற்றினேன். தவறாகப் பதிவாகிவிட்டது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண். இரவெல்லாம் விழித்த கண். படித்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"நான் தப்பா எழுதலியே அங்கிள். அவரு பத்துன்னுதான் சொன்னாரு. வார்டு பூராக் கேட்டுச்சு."

கேட்டிருக்கும். டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றாவதாக 'இன்அட்வர்ட்டன்ட்லி'. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிற மனு எதிலும் இந்தச் சொல் ஒரு தடவையாவது வந்துவிடும். கவனமில்லாமல், நினைக்காமல் நேர்ந்தது என்று அர்த்தம். என் மச்சான் நினைத்துத்தான் சொன்னான். அவ்வளவு கவனமாக அவன் வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தாலும் யார் என்று குறிக்காமல், 'நோயின் காலம் கவனக்குறைவால் பத்து வருடம் எனச் சொல்லப்பட்டுவிட்டது' என்று ஆங்கிலத்தில் முடித்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அனுப்பினோம்.

சாயங்காலம் ஒரே வரியில் பதில். கவனக்குறைவால் சொன்னவர் யார், எதனால் அப்படிச் சொன்னார் என்று தெளிவுபடுத்தவும்.

மனைவி கட்டிலில் படுத்தபடி கேட்டாள். "இன்னும் எழுதறீங்களா?"

"இன்னும் ஒண்ணு கேட்டிருக்காங்க."

"உங்க இங்கிலீஷு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன் போல."

மச்சான் சுவரோரம் நின்றிருந்தான். "சும்மா இரு அக்கா. மாமா, நான் பொய் சொன்னேன்னே எழுதுங்க. எங்க அக்காவுக்காகத்தானே சொன்னேன். இன்னா, தூக்கிலயா போட்டுடுவாங்க?"

"உன்ன போட மாட்டாங்கடா. என்னத்தான் வெளிய போட்டுடுவாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்த்தேன். கூட்டம் அதிகம், பயந்துபோனார், சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று கூட்டிச் சொல்லிவிட்டார். எளிய சொற்கள். இரண்டு நாளில் நான் எழுதியதில் நிமிர்ந்து நின்றது அது ஒன்றுதான். கவுன்டர் பெண் இரண்டு தடவை படித்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார்.

"இதுதான் நடந்திருக்கும் சார். எனக்குத் தெரியுது. ஆனா இத அனுப்பினா, வேணும்னே தப்பா சொன்னாருன்னு நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி. அதோட ஃபைலு க்ளோஸ்."

பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, ஏற்கெனவே போய் வந்த ஒரு கடிதத்தில் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு வரியைக் காட்டினார். 'கம்யூனிகேஷன் கேப்.'

"இது போட்டா பாஸாயிடும் சார்."

எனக்கு அந்தச் சொற்றொடர் பிடிக்காது. அதில் பேசியவரும் இல்லை, கேட்டவரும் இல்லை, நடுவில் ஒரு காலி இடம் மட்டும் இருக்கிறது. ஆனால் வாரத்தில் மிச்சம் அதிகம் இல்லை. கூட்ட நெரிசல் காரணமாக, உடன் வந்தவருக்கும் டியூட்டி டாக்டருக்கும் இடையே கம்யூனிகேஷன் கேப் ஏற்பட்டது என்று எழுதினேன். கை தானாக எழுதியது.

டாக்டர் நின்றபடியே படித்தார். "இதுல என் தப்புன்னு வராதுல்ல அங்கிள்?"

"வராதும்மா."

"அவரு தப்புன்னும் வராதா?"

"வராது."

கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்தது மச்சான்.

"இன்னா மாமா எழுதியிருக்குது?"

"நீ சொன்னது அவங்களுக்குச் சரியா விளங்கலன்னு."

"எப்பிடி விளங்காம போவும்? விளங்கணும்னுதானே அந்தக் கத்து கத்தினேன்."

"போடு மச்சான்."

தமிழில், எழுத்து எழுத்தாக, தன் பெயரைப் போட்டான். பேனாவை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அனுமதி வந்தது. அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அவனும் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பெரிய டாக்டர் வெளியே வந்து, ஸ்டென்ட் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார். போகிறபோக்கில், "அன்னைக்கி வந்த உடனே பாத்தாங்க பாருங்க, அதான் காப்பாத்திச்சு. கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தில உக்காந்திருந்தா கஷ்டம்" என்றும் சொன்னார்.

மச்சான் அவர் போகும்வரை எழுந்தே நின்றான்.

"மாமா, இத எங்கனா எழுதுவாங்களா?"

"எத?"

"நான் சொன்னதாலதான் உடனே பாத்தாங்கன்னு."

அவர்களுடைய காகிதங்களின்படி இனி, அவன் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. எழுதியது நான். கையெழுத்து அவனுடையது.

"மாட்டாங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே ஃபார்மசிக்குப் போனான்.