சகலையின் முதுகும் என் முதுகும்

எனக்கும் என் சகலைக்கும் முதுகில் ஒரே இடத்தில்தான் டிஸ்க் பிதுங்கியிருந்தது. இடுப்பில் தொடங்கிக் கால்வரை இழுக்கும் வலியும் ஒன்றுதான். ஆனால் அவருக்குப் பாதம் பலமிழந்து, நடக்கும்போதே செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. அதனால் சின்னதாகக் கீறி, நரம்பை அழுத்திய துண்டை எடுத்துவிட்டார்கள். எனக்கோ தேனாம்பேட்டை டாக்டர், "கால்ல பலம் நல்லா இருக்கு சார். ஆபரேஷன்லாம் வேணாம், எக்சர்சைஸ் போதும்" என்று சொல்லி, என்னைச் சாதாரண மனிதனாக்கி அனுப்பிவிட்டார்.

சகலையைப் பார்க்க மனைவியோடு சைதாப்பேட்டை போனேன். பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கட்டில் பக்கத்தில் கோபுரமாக நின்றன. மாமியார் அவருக்குச் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த என் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"அத்தே, பாருங்க, எனக்கும் அதே டிஸ்க்தான்."

"உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாராமே மாப்ளே? காத்த மறைக்காதீங்க. அப்படியே அந்தத் தலகாணிய அவரு முதுகுக்கு வையுங்க."

வைத்தேன். குனிந்தபோது சுளீரென்றது. அதைச் சகலை மட்டும் பார்த்துவிட்டார்.

"கத்தி படாம தப்பிச்சிட்ட சகல," என்றார் மெதுவாக. "உன்னப் பாத்தா பொறாமையா கீதுபா."

எரிந்த வயிறு குளிர்ந்தது.

"அத்தைக்குக் கேக்குற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன்.