பூவுக்கு இரண்டு பேர்

என் கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்று, அப்பா அலமாரியின் மேலிருந்து ஒரு மணிலா அட்டையை எடுத்துத் தூசி தட்டினார். சித்தப்பாவின் கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட வேலை அட்டவணை அது. இத்தனை வருடம் சுருண்டே கிடந்ததால் மேசைமேல் விரித்தால் மறுபடியும் சுருண்டுகொண்டது. நான்கு மூலையிலும் நான்கு காப்பிக் குவளைகளை வைத்து அடக்கினோம். இதைப் பார்த்து எழுதினால் போதும், ஒன்றும் விட்டுப்போகாது என்றார் அப்பா. எனக்கோ அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வரவில்லை. அதிலிருக்கும் எழுத்து முழுவதும் என்னுடையது.

அப்போது எனக்குப் பத்து வயது. பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். கல்யாணத்தையும் ஷிப்டு போட்டே நடத்திவிடலாம் என்று நம்பினார். நேரம், வேலை, ஆள், முடிந்ததா என்று நான்கு கட்டங்கள். தமிழ்ப்பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்து பத்துக்கு வாழைமரம் கட்டுதல். ஐந்து நாற்பதுக்கு மாலைகள் வந்து சேர்தல், ஈரத்துணி போட்டு மூடுதல். ஆறேகாலுக்குப் பெண்ணின் ஜடைக்குப் பூ தைத்தல். எட்டரைக்கு வாசலில் வரவேற்பு. அந்த வரியில் ஆள் கட்டத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதச் சொன்னார்: ஒருவரும் விடுபடக் கூடாது.

எழுதிக்கொண்டே வரும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. வாழைமரத்துக்கு ஓர் ஆள், அரிசி மூட்டைக்கு ஓர் ஆள், ஐயரை அழைத்துவர ஓர் ஆள். பூ என்று வந்த வரிகளில் மட்டும் இரண்டு ஆள். பூ என்ன அரிசி மூட்டையைவிடக் கனமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பூவுக்கு ஒத்தையில யாரும் போகக் கூடாது. நம்ம வீட்டுல அப்படித்தான்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, கொதிக்காத பாலைப் பார்க்க அடுப்படிக்குப் போனார்.

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றதும் சந்தோஷம் வருவதற்கு முன்பே சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மண்டபத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு, தேதி மாறவில்லையே என்று கேட்டார்கள். அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் போனால் வெங்காய விலைக்கு மாறிவிடுவார்கள். பழைய ஆல்பத்தில் சில படங்கள் பாதியாக இருந்தன. எலி கடித்தது என்றார்கள். எலி அவ்வளவு நேராகக் கடிக்குமா? ஒரு படத்தில் பள்ளிச் சீருடையில் நிற்கும் சித்தப்பாவின் தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. கைக்கு உடையவரைக் காணோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சித்தப்பா பேப்பர் வாங்கக் கீழே இறங்கினால்கூட அப்பா வராந்தாவில் போய் நின்று எட்டிப் பார்ப்பார். காவலில் இருப்பது நகையோ புடவையோ இல்லை, சித்தப்பாதான் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பெண் பார்க்கப் போன வீட்டில், வரப்போகிற சித்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து என் தலையைப் பின்னி விட்டிருந்தார். அவர் மாலையோடு உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வராமல் போனால் என்ன ஆவார்? அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

ஆகவே பூ சொல்லிவரச் சித்தப்பாவோடு இரண்டாவது ஆளாக என்னை அனுப்பியபோது, கண்காணிக்கத்தான் அனுப்புகிறார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

மோட்டார் சைக்கிளில் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். முனையிலிருந்த பெரிய பூக்கடையைத் தாண்டி, பாத்திரக்கடை ஓரமாக இருந்த ஒரு சின்னக் கடைமுன் நிறுத்தினார். பலகைமேல் உட்கார்ந்து ஒரு பெண் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனாம் ஆண்டு படிக்கிறாய் என்று கேட்டு, பதில் வருவதற்குள் இரண்டு முழம் பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். லஞ்சம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"பாப்பா, நீ போய் செண்டோல் குடிச்சிட்டு வாலா" என்றார் சித்தப்பா.

நான் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் கிண்ணத்தோடு பாத்திரக்கடையின் அண்டாக்களுக்குப் பின்னால் நின்று குடித்தேன். சித்தப்பா குனிந்து ஏதோ கெஞ்சினார். அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தார். அட்டவணையில் பூ சொல்ல நாற்பது நிமிடம். என் கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்த வாரம் ஜடைப்பூ மாதிரி பார்க்க என்று மறுபடியும் போனோம். மறுபடியும் செண்டோல், மறுபடியும் அண்டா. இந்த முறை அந்தப் பெண் அழுதார். சித்தப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் கையை நீட்டிச் சித்தப்பாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். சினிமாவில் எல்லாம் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சித்தப்பா சொன்னது காற்றில் தெளிவாக வந்தது.

"நீ வந்துதான் ஆகணும். ஒம்பது மணிக்கு நான் வாசலப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

செண்டோல் கிண்ணத்தை அண்டாமேல் வைத்துவிட்டேன். இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பெண் பூ கட்டியது பீச்சாங்கையால். எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கும் பீச்சாங்கைதான். மூக்குகூட இருவருக்கும் ஒரே அச்சு. ஜோடிப் பொருத்தம் வேறு இவ்வளவு அமைந்திருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. பெரியவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே வயதாகத் தெரிந்த காலம் அது. அவர் சித்தப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பது என் கண்ணில் படவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா வீட்டில் இல்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை, அழுகை, நெற்றிமுடி, ஒன்பது மணி, ஒன்றையும் விடவில்லை. அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்தக் கையால பூ கட்டுனாங்க?"

"பீச்சாங்கைப்பா. சித்தப்பா மாதிரியே."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அப்பா வெகுநேரம் குழாயை மூடவில்லை. பிறகு என்னிடம் வந்து, "வாசல்ல நீதானே நிக்கப்போற? அவங்க வந்தா ஒன்னும் பேசாத. நேரா எங்கிட்ட ஓடியா" என்றார்.

மறுநாள் காலை அட்டவணையில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அப்பா அழிப்பான் மையை எடுத்து ஒரு பெயர்மேல் பூசியிருந்தார். தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று நான் அழகாக எழுதி, நேரே பட்டர்வொர்த் அத்தை என்று போட்டிருந்தேன். பட்டர்வொர்த் ஊரில் இருந்த அவர் அப்பாவுக்குப் பெரியப்பா மகள். சித்தப்பாவுக்கு உடன்பிறந்தாள் இல்லாததால் அவர் போடுவதாக ஏற்பாடு. அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஒரு கட்டத்தையும் காலியாக விடாத அப்பா இதை மட்டும் ஏன் விட்டார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டர்வொர்த் அத்தையோடு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்து வாசலில் பச்சைப் பட்டுப்பாவாடையோடு நின்றேன். ஒரு கையில் பன்னீர்ச்செம்பு, படியோர மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. மணவறையில் சித்தப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அப்பாவும் அடிக்கடி பார்த்தார். சித்தப்பா ஓட வழி பார்க்கிறார், அப்பா காவல் பார்க்கிறார் என்று எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது.

ஒன்பது மணி தாண்டி அந்தப் பூக்கடைப் பெண் வந்தார். மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை. மடிப்பு இன்னும் விறைப்பாக இருந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம். செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே தயங்கி நின்றார். ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் ஓடுகிற நேரத்தில் அவர் உள்ளே போய்விட்டால்? மணவறையில் ரகளை ஆகி, சித்தி அழுதால்? அப்பாவுக்கு எதற்குத் தொந்தரவு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று படியிறங்கிப் போனேன்.

"நீங்க உள்ள போகக் கூடாது" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். "யாருடா சொன்னா?"

"அப்பாதான் என்னை இங்க நிக்க வச்சாங்க. நீங்க வர்றீங்களான்னு பாக்கச் சொன்னாங்க."

சிரிப்பு போய்விட்டது. "அப்பாவா சொன்னாரு?" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் ஒன்றும் இல்லையே. உள்ளே நாதஸ்வரம் வேகம் பிடித்தது. அவர் என் தோளுக்கு மேலே மணவறை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். தெரியாதபடி நான் நகர்ந்து நின்றேன்.

"முடிச்சு யாரு போடுறாங்க?"

வெள்ளைத் திட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம். "பட்டர்வொர்த் அத்தை" என்றேன்.

"சரி" என்றார். மேசையிலிருந்து இரண்டு கற்கண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பஸ் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சிறிது நேரத்தில் அப்பாவே வாசலுக்கு வந்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் அவர் மணவறையை விட்டு வந்தது அட்டவணையில் இல்லாத வேலை.

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலப்பா."

அப்பா சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பட்டர்வொர்த் அத்தையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சித்தப்பா தாலி கட்டும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹோமப்புகை என்று எல்லோரும் சிரித்தார்கள். ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு நிம்மதி.

பதினாறு வயதில் அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்திருக்கிறார். தாயில்லாத சித்தப்பாவை வளர்த்தவர் அவர்தான். தன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தனியாகப் பூ வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. பிடித்தவரோடு ஜொகூருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் அப்பா கைகூப்பி நின்றிருக்கிறார். பல வருடம் கழித்து, புருஷனும் போன பிறகு, பினாங்குக்குத் திரும்பிப் பூக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். போய்க் கூப்பிட அப்பாவின் ரோஷம் இடம்கொடுக்கவில்லை. வந்தால் கூட்டிப்போய் முடிச்சுப் போட வைக்கத்தான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா போனபோது அந்தக் கடையில் வேறு யாரோ இருந்தார்களாம். கூப்பிட்டும் அக்கா வரவில்லை என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவும் அப்படித்தான். வந்தார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். சொன்னதில்லை.

நேற்று அப்பா அட்டையின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, வெள்ளைத் திட்டில் கொஞ்ச நேரம் நின்றார். நான் அதற்கு மேலே இருக்கிற வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவின் கல்யாணத்தன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பட்டுப்பாவாடையைக்கூட மாற்றாமல் பேனாவைத் தேடி எடுத்தேன். பொட்டலத்தில் இருந்த மல்லிகை என் தலையில் மணத்துக்கொண்டிருந்தது. எட்டரை மணி, வாசலில் வரவேற்பு, ஒருவரும் விடுபடக் கூடாது. வந்தவர் கற்கண்டு எடுத்துக்கொண்டுதானே போனார் என்று யோசித்துப் பார்த்து, அந்த வரிக்கு நேரே பச்சை மையில் பெரிதாக ஒரு டிக் போட்டேன்.