ஊசி ஏறிய வெள்ளைத் துணி

மாமியாரைக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதுதான் என்று மஹிராவுக்குத் தெரியும். ஆனால் சுல்தான் பீவி புர்காவை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் என்ன செய்வது?

மங்கலம்பேட்டைத் தையல் கடைகள் கழித்துப் போடும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது மஹிராவின் பைத்தியம். புருஷன் குவைத்தில், பிள்ளைகள் ஸ்கூலில், பொழுது போக வேண்டாமா? இந்த முறை அடித்துணிக்கு வெள்ளை தேவைப்பட்டது. பரண் பெட்டியில் கிடந்ததைப் புருஷன் அனுப்பியது என்று நினைத்து எடுத்தாள், வெட்டினாள், தைத்தும் முடித்தாள். போர்வை விருத்தாசலம் கண்காட்சிக்குப் போன பிறகு பக்கத்து வீட்டில் ஒரு மவுத். துக்கம் கேட்கப் போய்விட்டு வந்த மாமி சொன்னாள்:

"எனக்குக் கவலையில்ல புள்ள. மக்காவுக்கு உம்ரா போனப்ப ஜம்ஜம் தண்ணியில நனச்சு எடுத்தாந்த கபன் துணி, ஓரத்துல பச்ச நூலு ஓடினது, பரண் பெட்டியில இருக்குது."

மய்யித்தைக் குளிப்பாட்டி அடக்கம் பண்ணுகையில் போர்த்துகிற துணி. ஊசி படக்கூடாதது. அதில் மஹிரா ஒரு விரற்கடை விடாமல் தையல் ஓட்டியிருந்தாள். அன்றிலிருந்து அதை மாமியிடம் சொல்லாமலே நாளை ஓட்டினாள்.

கண்காட்சி நடத்துகிற கனகாவுக்கு போன் போட்டு, போர்வையைச் சுவரோடு ஒட்டி மாட்டச் சொல்லியிருந்தாள். பீங்கான் பொம்மைக்குச் சாயம் பூசுகிற கனகாவுக்கோ பின்பக்கத் தையலின் நேர்த்தியில் கொள்ளை ஆசை. மண்டபத்தின் நட்டநடுவில் கொடி கட்டி, இரண்டு பக்கமும் தெரியத் தொங்கவிட்டிருந்தாள். 

மாமி முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். ஓரத்துப் பச்சை நூலை விரலால் தடவினாள். முகர்ந்து பார்த்தாள்.

"தெரியாம வெட்டிட்டேன் மாமி." என்றாள் மஹிரா.

 மாமி கனகாவைக் கூப்பிட்டு, அதைக் கழற்றித் தரச் சொன்னாள்.

"மவுத்தானா போத்துறதுக்கு வெச்சிருந்தேன். அல்லா இப்பவே போத்திக்கச் சொல்றான் போல," என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பும் பஸ்ஸில் கார்த்திகை மழைச்சாரல் அடித்தது. மாமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. அந்தக் கபன் துணிக்கு மேலே மூடிய கண்ணோடு அந்த முகம்.  நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மஹிரா பார்த்தாள். பஸ் குலுங்கிய குலுங்கலில் ஒன்றும் தெரியவில்லை.

"மாமி!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சுல்தான் பீவி கண் திறக்காமலே, "ஊரு வந்துடுச்சா?" என்றாள்.

"இல்ல மாமி. நீங்க தூங்காம வாங்க," என்றாள் மஹிரா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.