இசபெல் சொன்ன சாட்சி

இசபெல் என்ற பெயரை நான் முதலில் கேட்டது வசவாகத்தான். அறுபத்தொன்றாம் வருஷம் பிறக்கப்போகிற சமயம். கல்யாணமாகி நாரணாபுரம் வந்த புதிது. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, அரிசி புடைத்துக்கொண்டே, “இந்தப் புது வருசத்துக்காவது அந்த இசபெல் வாய் இழுத்துக்கிட்டுக் கெடக்காதா” என்றாள். யாரென்று கேட்டேன். “கோயிலுக்கு வருவேல்ல, பாப்ப” என்றாள்.

பார்த்தேன். புது வருஷக் காலை ஆராதனையில் எங்கள் சபையில் சாட்சி நேரம் உண்டு. போன வருஷம் கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். போதகர்கூடத் தடுக்க மாட்டார். காய்ச்சல் தீர்ந்தது, மாடு கன்று போட்டது என்று எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்தில் ஒல்லியாக ஒருத்தி எழுந்தாள்.

“இன்னொரு வருசம் உசுரோட வச்ச ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எம் புருசன் ராஜசிங் பீடி குடிக்கல. குடிச்சாருன்னு சொன்னவுக ஆம்பளைக பக்கம் மூணாவது வரிசையில இருக்காக. அவுகளையும் உசுரோட வச்சிருக்காரு. அதுக்கும் ஸ்தோத்திரம்.”

அந்த வரிசையில் இருந்தது மதினியின் வீட்டுக்காரர் தேவாசீர்வாதம் அண்ணன், பட்டாசுக் கம்பெனி போர்மேன்.

ஐம்பத்தேழில், தீபாவளிச் சீசனில், மருந்து கலக்கும் அறை வெடித்து ராஜசிங்கும் கூட வேலை செய்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள். ராஜசிங் பீடி பற்றவைத்ததுதான் காரணம் என்று அண்ணன் விசாரணையில் சொல்லிவிட்டார். கம்பெனி கைவிரித்தது. மற்ற இருவரின் வீட்டாரும் இசபெல் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். தன் புருஷனுக்குப் பீடி நாற்றமே ஆகாது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தீப்பெட்டி ஒட்டி இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள்.

ஆமத்தூரில் பள்ளி விடுதிச் சமையலுக்கு ஆள் வேண்டும், பிள்ளைகளையும் படிக்க வைக்கலாம் என்று ஒரு டீச்சர் கூப்பிட்டும் அவள் போகவில்லை. “நான் போயிட்டா அந்தாளு நிம்மதியா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிருவாருல்ல” என்றாளாம். அண்ணன் ஒரு புது வருஷத்துக்குச் சிவகாசிக் கோயிலுக்குப் போய்ப் பார்த்தார். அவளும் அங்கே போய் எழுந்து நின்றாள்.

அறுபத்து மூன்று கடைசியில் அண்ணன் மகளுக்கு ஆனைக்குட்டத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் புது வருஷ ஆராதனைக்கு எங்கள் கோயிலுக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மதினிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இசபெல் வீட்டுக்குப் போனார்.

அவள் தீப்பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“உள்ள வாங்கன்னு சொல்லமாட்டேன். அங்கனயே நின்னு சொல்லுங்க.”

“இந்த ஒரு வருசம் எந்திரிக்காத தாயி. பொம்பளப்பிள்ள காரியம்” என்றார் அண்ணன்.

“எனக்கும் ரெண்டு பொம்பளப்பிள்ள இருக்கு. கொலகாரன் மகள்னுதான் தெருவுல கூப்பிடுறாக. ரெண்டு பேருக்கும் அதே பேருதான்.” என்னைப் பார்த்தாள். “நீ எதுக்கு வந்த? சாட்சிக்கா?”



“என்னதான் செய்யச் சொல்ற?” என்றார் அண்ணன்.

“நீங்க எந்திரிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒருவாட்டியோட போச்சு. நான் சொன்னா கல்யாணத்துக்கும் வருவேன். ஒங்க பேரப்பிள்ள ஞானஸ்நானத்துக்கும் வருவேன்.”

புது வருஷத்தன்று சாட்சி நேரம் வந்தது. இசபெல் முந்தானையை இழுத்துவிட்டு எழப்போனாள். அதற்குள் அண்ணன் எழுந்தார்.

“ராஜசிங் பீடி குடிக்கல. வெயில் ஏறுமுன்ன மருந்து கலந்து முடிச்சிரணும். அன்னைக்கு லோடு ஏத்த லாரி நின்னுச்சு. உச்சிவெயில்ல வேண்டாம்னு அவன் சொன்னான். நாந்தான் கலக்கச் சொன்னேன்.”

உட்காரத் தெரியாமல் நின்றபடியே அழுதார்.

அந்தச் சம்பந்தம் முறியும் என்றுதான் இசபெல் நினைத்திருந்தாள், வேண்டிக்கொண்டும் இருந்தாள். ஆனால் ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா, “இப்பவாச்சும் சொன்னாரே” என்று தட்டை மாற்றச் சம்மதித்துவிட்டார். அதைக் கேட்டு அவள் பல்லைக் கடித்தாள். மண் தூற்றிய வீட்டுப் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். உதறவுமில்லை, பதிலுக்குப் பிடிக்கவுமில்லை.

“அண்ணன மன்னிச்சிட்டீகளாக்கா?” என்று கேட்டேன்.

“அந்தாளு செத்தா எழவுக்கு வருவேன். இப்பத்திக்கு அம்புட்டுதான் முடியும். இத்தன வருசமும் அவரு மூஞ்சியவே பாத்து ஒக்காந்துட்டேன். ஆண்டவரு இன்னொரு வருசம் குடுத்திருக்காரு. இதையாவது எம் பிள்ளைகளுக்குக் குடுக்கணும்.”

பொங்கலுக்குள் பிள்ளைகளோடு ஆமத்தூர் போய்விட்டாள். சமையலுக்கு வேறு ஆள் வந்திருந்ததால் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். மூத்தவள் ஜெயக்கொடி நர்ஸுக்குப் படித்தாள், சின்னவள் டீச்சரானாள்.

இசபெல் இப்போது ஆமத்தூரில் ஜெயக்கொடி வீட்டில் இருக்கிறாள். கண் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது.