உள்ளே ஆள் இருக்கும் கதவு

என் தம்பி பூட்டுக்காரன். பூட்டு விற்பவன் இல்லை. சாவி தொலைத்தவர்களுக்குச் சாவி வெட்டுவான், திறக்காத பூட்டைத் திறந்து கொடுப்பான். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கும். பேருந்து போனால் எல்லாம் சேர்ந்து சலசலக்கும். கடைக்கு வருகிறவர்கள் அவனைப் பூட்டுக்காரர் என்பார்கள். தெருவில் இருக்கிறவர்கள், அவன் காதுபடவே, வீம்பு என்பார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பிறவியிலேயே அவனுக்கு இடது கைப்பழக்கம். பள்ளிக்கூடத்தில் வலது கையால்தான் எழுத வேண்டும் என்று இடது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். மற்ற பிள்ளைகளாக இருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு வலது கைக்கு மாறியிருக்கும். இவன் அழவும் இல்லை, எழுதவும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க வெற்றுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் அலுத்துப்போய் அவர்களே கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குள் மற்ற பிள்ளைகள் படிப்பில் எங்கேயோ போய்விட்டார்கள். படிப்பு அதோடு சரி. பூட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு பிடிவாதம். எந்தக் கதவுக்குக் கூப்பிட்டாலும் முதலில் தட்டுவான். உள்ளே ஆள் இருந்தால் அந்த ஆள் சொன்னால்தான் கருவியை எடுப்பான். வெளியே நிற்கிறவர் வீட்டுக்காரரே ஆனாலும் சரி. மனைவி கோபத்தில் உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள் என்று ஒரு கணவர் இவனைக் கையோடு இழுத்துப்போனார். இவன் தட்டினான். உள்ளேயிருந்து "போங்க" என்று ஒரு குரல் வந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். அந்தக் கணவர் கடைவாசலில் நின்று கத்தாத கத்து இல்லை.

ஊருக்குத்தான் இந்த நியாயம் என்று நினைக்காதீர்கள். அவன் மகளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு தகரப்பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவள் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை.

"ஒரு நிமிஷ வேலை உங்களுக்கு. திறந்து பாத்துட்டு மூடிடலாம்."

"அவகிட்ட கேளு."

"கேட்டா சொல்றாளா?"

"சொல்லலன்னா சொல்ல இஷ்டம் இல்லன்னு அர்த்தம்."

"ஊர் பூட்டெல்லாம் திறக்கறீங்க, வீட்டுப் பூட்டு திறக்க மாட்டீங்களா? என்ன மனுஷன் நீங்க!"

ரொம்ப நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. பெட்டியில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பெண் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள்.

இப்படி இருந்தவனுக்கு ஒரு சட்டம் வந்தது. பூட்டுத் திறக்கிற தொழில் செய்ய இனிமேல் லைசென்ஸ் வேண்டும். அரசு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் வந்து திறந்து கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. இவன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். ஆளில்லாத வீடு, வாடகைதாரர் விட்டுப்போன கிடங்கு என்று கூப்பிட்டார்கள், போனான், திறந்தான். டிரைவர் விஷயம் வரும்வரைக்கும் வம்பு ஒன்றும் இல்லை.

கடை இருக்கிற கட்டடத்தின் மாடியில் டிரைவர் குடியிருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கண் மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒருநாள் டீ போடும்போது ஜன்னல் திரையில் தீப்பிடித்தது. அவரே வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டார். ஆனால் புகையைத் தெருவே பார்த்துவிட்டது. அவருக்கு நேர் கீழே இஸ்திரிக்காரர் வீடும் கடையும். ஊராருடைய துணியெல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். பயந்துபோன இஸ்திரிக்காரர் சுகாதார அலுவலகத்தில் போய்ச் சொன்னார். தனியாக இருக்க முடியாதவர், முதியோர் விடுதியில் சேர்க்க வேண்டும் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். டிரைவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி வரும் நாள் தெரிந்ததும் அவர் கதவை உள்ளே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்தவனே என் தம்பிதான்.

அன்று காலை நான் கடைக்குப் போயிருந்தேன். வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. அதிகாரி இறங்கினார், நல்ல மாதிரியான மனுஷர், சட்டையெல்லாம் வியர்வை. கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். பாதித் தெரு பின்னாலேயே ஏறியது. நானும்தான்.

தம்பி கதவைத் தட்டினான்.

"யாரு?"

"பூட்டுக்காரன்."

"ஓ, நீயா? பிரேக் போட்டு வண்டிய நிறுத்தியாச்சு. இது ஸ்டாப் இல்ல, யாரும் ஏறக்கூடாது."

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் கொஞ்சம் சிரித்துவிட்டார்.

"திறக்கவா டிரைவர்?"

"வேணாம்."

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினான். "வேணாம்னு சொல்றார் சார்."

"அவர் நல்லதுக்குத்தான் செய்யறோம். கண்ணு தெரியாதவர், விழுந்து கிடந்தா யார் பாப்பா?"

"நல்லதுன்னா அதை அவர்கிட்ட சொல்லுங்க. பிடிச்சா வரட்டும்."

"பிடிக்கலன்னா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பிடிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கூட்டிட்டுத்தான் போகணும்."

"கூட்டிட்டுப் போறதில்ல சார் அது. தூக்கிட்டுப் போறது."

"லைசென்ஸுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. போடலன்னா கடையைப் பூட்டிடுவோம்னு சொன்னதும் ஞாபகம் இருக்கு. கழுத்துல கையை வச்சு வாங்கிட்டு, நீயா குடுத்ததுதானேன்னா எப்படி?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "டேய், நீ திறக்கலன்னா கடப்பாரையால உடைக்கப் போறாங்கடா. அந்த மனுஷனுக்குக் கதவும் போகும். நீ பக்குவமா திறந்து விட்டுடேன்" என்றேன்.

அவன் எனக்குச் சொன்னதை எல்லோருமே கேட்டார்கள். "உடைக்கட்டும்க்கா. உடைச்சாத்தான் உடைச்சாங்கன்னு தெரியும். நான் சத்தமில்லாம திறந்து குடுத்தா யாருமே ஒண்ணும் பண்ணாத மாதிரி ஆயிடும். அவரே வந்து வண்டியில ஏறின மாதிரி இருக்கும்."

அதிகாரி கடப்பாரை ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், "சார், உத்தரவுல திறக்கணும்னு இருக்கா, உடைக்கணும்னு இருக்கா? நாளைக்கு எங்களைக் கேட்டா என்ன சொல்றது?" என்றார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, ஒரு குருட்டு மனுஷனின் கதவில் முதல் அடி போட அங்கே ஒரு கையும் எழவில்லை. மேலிடத்தில் கேட்டுக்கொண்டு நாளைக் காலை வருகிறேன் என்று அதிகாரி இறங்கிப் போனார். போகிற போக்கில் தம்பியிடம், "உங்களைப் பத்தி எழுதாம இருக்க முடியாது" என்று வருத்தமாகவே சொன்னார்.

வேன் தெருமுனைகூடத் திரும்பவில்லை, இஸ்திரிக்காரர் தம்பியின் சட்டையைப் பிடிக்காத குறை.

"உனக்கென்னப்பா, பெரிய நியாயவான்! தீப்பிடிச்சா அவர் மட்டுமா எரிவார்? என் பிள்ளைங்க கீழதான் படுத்திருக்கு. எனக்குச் சுதந்திரம் இல்லையா?"

தம்பியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பிறகு, "நீ சொல்றது சரிதான். உன் தலைமேல தீ வைக்க அவருக்கு உரிமை இல்ல. அது உனக்கும் அவருக்கும் இருக்கற வழக்கு. நீ அவர்கிட்ட ஒரு தடவையாவது பேசினியா?" என்றான்.

இஸ்திரிக்காரர் பேசியிருக்கவில்லை. நேரே அலுவலகத்துக்குத்தான் போயிருந்தார். இத்தனை வருஷம் ஒரே கட்டடம், தலைக்கு மேல் நடக்கிற காலடி தெரியும், அவ்வளவுதான்.

சாயங்காலம் இஸ்திரிக்காரர் மனைவிதான் முதலில் மாடி ஏறினாள். கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பேசினாள். பின்னாலேயே அவரும் போனார். உள்ளேயிருந்து டிரைவர் சண்டை போட்டார்: அடுப்பைக் கொடுத்துவிட்டால் நினைத்த நேரத்துக்கு டீ எப்படிக் குடிப்பது? ஃபிளாஸ்கில் போட்டுக் கொடுக்கிறேன் என்றாள் அவள். ஓசியில் குடிக்க மாட்டேன் என்றார் அவர். காசு வாங்கினால் நான் என்ன ஓட்டலா நடத்துகிறேன் என்றாள் அவள். இந்த வாக்குவாதத்தில் தீயை எல்லோரும் மறந்தே போனார்கள். கடைசியில், துவைத்து வந்த துணியில் சட்டை வேறு, சேலை வேறு என்று தடவிப் பார்த்துப் பிரித்து மடித்துக் கொடுப்பது டிரைவர் வேலை, மூன்று வேளையும் சாப்பாடும் ஃபிளாஸ்கும் இவர்கள் பொறுப்பு என்று படிந்தது. சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. டிரைவர் அடுப்பைத் தானே தூக்கி வெளியே வைத்தார்.

மறுநாள் காலை உடைக்கிற உத்தரவோடு அதிகாரி வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தார். "என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றார் இஸ்திரிக்காரர். அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார், வேனைத் திருப்பி அனுப்பினார். அவருக்கும் நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷன் தனியாக இருப்பது எனக்கு அன்றும் சம்மதம் இல்லை, இன்றும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். விடுதியில் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். இதை நான் தம்பியிடம் சொன்னபோது, "விழுந்தது அவர் படியில அக்கா" என்றான். இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது?

அந்த வேனிலிருந்து டிரைவர் தப்பினார், தம்பி மாட்டிக்கொண்டான். லைசென்ஸ் ரத்து. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் திரும்பத் தருவதாக அந்த அதிகாரியே ஆள் விட்டுச் சொன்னார். தம்பி எழுத மாட்டேன் என்றான். கடையின் இரும்பு ஷட்டர் இறங்கியது. சாவி மெஷினைச் சாக்கால் மூடி வைத்துவிட்டு அவன் ஒரு கிடங்கில் மூட்டைக்குக் காவல் போனான். அரத்தில் ஓடிய விரல் அங்கே சும்மா கிடந்தது. முகத்தில் களையே இல்லை.

அவன் மனைவி என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. நாலு வரிதானே? எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

சொன்னேன். அவளும் என் பக்கத்திலேயே நின்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பே இல்லாததுக்கு மன்னிப்புக் கேட்டா, அடுத்த தடவை அதைச் செய்யமாட்டேன்னு அர்த்தம். நான் செய்வேனே!"

"அப்ப நாங்க என்ன பண்றது? உங்க வீம்பையா வடிச்சுக் கொட்றது?"

"நீ என்ன வேணா பண்ணு. உன் பேருல பண்ணு. நான் தடுக்க மாட்டேன்."

கோபத்தில் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா தெரியாது. அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடையில் பாதி சாவியை வெட்டியவள் அவள்தான். தன் பெயரில் லைசென்ஸுக்குப் போட்டாள். அலுவலகத்தில் ஒரு பூட்டைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார்கள். கொண்டையிலிருந்த ஊசியை எடுக்கவா, கருவியாலேயே திறக்கவா என்று கேட்டாளாம். ஷட்டர் மறுபடி ஏறியது. இவன் கிடங்கு வேலையை விட்டுவிட்டுச் சாக்கை எடுத்து உதறி, மெஷின் முன்னால் உட்கார்ந்தான். இப்போது அவள் முதலாளி, இவன் கையாள்.

"என்னடா, பொண்டாட்டிகிட்ட வேலைக்குச் சேந்துட்டியா?" என்று டிரைவர் மாடியிலிருந்து கேட்பார்.

"நானா சேந்தேன், அண்ணே. பிடிக்கலன்னா நின்னுடுவேன்."

"நின்னு பாருங்க, தெரியும்" என்பாள் அவள்.

எல்லாம் சரி, ஆனால் லைசென்ஸ் இருந்தால் நிபந்தனையும் இருக்கும் இல்லையா? ஒருநாள் அலுவலகத்து ஆள் கடைக்கே வந்தான். பக்கத்துப் பேட்டையில் ஒரு வீடு, உடனே திறக்க வேண்டும் என்றான். உள்ளே ஆள் உண்டா என்று அவனுக்கே தெரியாது. அவள் பையை எடுத்து வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். நானும் அவனைத்தான் பார்த்தேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நின்றிருப்பாள்.

"என்ன பண்ணட்டும்?"

"என்னை ஏன் கேக்கற? லைசென்ஸ் உன்னுது."

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"சொன்னா நீ கேட்டுடுவ. அதான் சொல்லல."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டாள். அலுவலகத்து ஆளுக்குப் பின்னால் தெருவில் இறங்கிப் போனாள். இவன் தலை நிமிராமல் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். அது எப்போதோ தேய்த்து முடித்த சாவி.

"போக விட்டுட்டியேடா" என்றேன்.

"விடறதுக்கு நான் யாருக்கா?"

மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். பையை வைத்தாள், பானைத் தண்ணீரை மொண்டு குடித்தாள். இவன் அரத்தை நிறுத்தவில்லை.

"காலி வீடு" என்றாள் அவளாகவே. "தட்டிப் பாத்துட்டுத்தான் கை வச்சேன். யாரும் இல்ல."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "யாராவது இருந்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"இருந்தா அப்ப யோசிப்பேன் அண்ணி. நீங்க ரெண்டு பேரும் எனக்காக யோசிக்க வேணாம்."

தம்பி அரத்தைக் கீழே வைத்தான். பரவாயில்லை, சிரிப்பும் வருகிறது அவனுக்கு என்று நினைத்துக்கொண்டே நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.