மகள் எடுத்த புத்தகம்

என் மனைவி இறந்த சில மாதங்களில், பதின்மூன்று வயது மகளைச் சூலியா தெரு பக்கம் ஒரு புத்தகக் கடைக்கு அழைத்துப் போனேன். அவள் சிரிக்கட்டும் என்று வேடிக்கைக் கதைகளாகப் பார்த்து எடுத்தேன். அவளோ, தாயை இழந்த ஒரு பெண்ணின் கதையைக் கையில் வைத்திருந்தாள்.

“இது வேணாம்மா, அழுதுருவ,” என்றேன்.

“வீட்ல யாரும் அம்மாவப் பத்திப் பேசறதே இல்லப்பா, நீங்ககூட. இந்த புக்காச்சும் பேசுது லா.”

அதையே வாங்கினேன்.

வீட்டில் அவள் சத்தமாகப் படித்தாள். ஆஸ்பத்திரி வரும் பக்கத்தில் குரல் நின்றுவிட்டது. மீதியை நான் படித்தேன். இருவரும் அழுதோம்.

“அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“உனக்குப் பசிக்கும்னு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாங்க,” என்றேன். அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.